சோக்கில் மட்டும் ஓடிய மிஷின்: ஒரு 58 சிசி மர அறுவை மிஷினின் கார்புரேட்டர் புதுப்பிப்பு

வந்த புகார் இவ்வளவுதான்: "சோக் போட்டா ஓடுதுங்க, எடுத்தா நின்னுடுது. பாதி சோக்குல வெச்சு ரேஸ் குடுத்தா மூச்சு முட்டி அடங்கிடுது."

கடலூருக்குத் தெற்கே, ஆலப்பாக்கம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் ஓடும் 58 சிசி மிஷின் அது. செயின் ஓடும் பார் 22 அங்குலம். பெயரும் நிறமும் கடைக்குக் கடை மாறினாலும் உள்ளே ஒரே அமைப்புடைய சீன வகை. அதில் உட்கார்ந்திருப்பது வால்ப்ரோ நிறுவனத்தின் டபிள்யூடி (WT) அமைப்பைப் பார்த்துச் செய்த டயாஃப்ரம் கார்புரேட்டர். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய அலுமினியக் கட்டி, அவ்வளவுதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு மூன்று வாரம் இந்த மிஷினுக்கு ஓய்வே இல்லை. வேம்பு, முருங்கை, தென்னை என்று விழுந்ததையெல்லாம் துண்டு போட்டது. அதன்பின் தொட்டியில் பாதி பெட்ரோலோடு மோட்டார் கொட்டகையில் பத்து மாதம் கிடந்தது. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்த நாளிலிருந்து இந்தக் கடலோரத்தில் மிஷின்களின் வாழ்க்கை இப்படித்தான் இருக்கிறது: சில வாரம் ஓயாத வேலை, பல மாதம் மூலையில் கிடப்பு. வேலை கார்புரேட்டரைக் கெடுப்பதில்லை. கிடப்புதான் கெடுக்கிறது.

சவுக்கு வெட்டுக்கு எடுத்தபோது ஓடவில்லை. முதலில் போன இடம் ஒரு இருசக்கர வண்டிப் பட்டறை. அங்கே கார்புரேட்டரைப் பிரிக்காமலேயே கிளீனர் ஸ்பிரே அடித்தார்கள், கம்ப்ரஸர் காற்றை ஊதினார்கள், முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை வைக்கும் எச் திருகைக் கூடுதலாகத் திறந்து கொடுத்தார்கள். ஒரு நாள் ஓடியது. மறுநாள் பழையபடி.

பைக் கார்புரேட்டர் பழகிய கை இந்த இடத்தில் தடுமாறுவது இயல்பு. பைக்கில் மிதவை இருக்கிறது, கிண்ணம் இருக்கிறது, ஜெட் அடைத்தால் ஊதிவிட்டால் போதும். மர அறுவை மிஷினைப் படுக்கவைத்தும் கவிழ்த்தும் அறுப்பதால் மிதவை வேலைக்கு ஆகாது. அதன் இடத்தில் இரண்டு மெல்லிய ரப்பர்ச் சவ்வுகள் இருக்கின்றன. ஒன்று பம்ப் டயாஃப்ரம். கிராங்க் அறையில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது எழும் அழுத்தத் துடிப்பு ஒரு சின்னத் துளை வழியாக வந்து இதை அசைக்கிறது. இதிலேயே வெட்டியிருக்கும் இரண்டு நாக்குகள் வால்வாகத் திறந்து மூடி, தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுக்கின்றன. மற்றது மீட்டரிங் டயாஃப்ரம். எஞ்சின் உறிஞ்சும்போது இது உள்பக்கம் குழிந்து ஒரு சின்ன லீவரை அழுத்துகிறது; லீவர் பெட்ரோல் வழியை அடைத்திருக்கும் நீடிலைத் தூக்குகிறது; பெட்ரோல் அறைக்குள் வருகிறது. அறை நிரம்பினால் சவ்வு பின்வாங்கும், ஸ்ப்ரிங் நீடிலை மூடும்.

புகாருக்கான பொருள் இங்கேதான் இருக்கிறது. காற்று வழியை மறைக்கும் தகடான சோக்கை மூடினால் உறிஞ்சல் பல மடங்கு கூடுகிறது. விறைத்துப்போன சவ்வும் அந்த இழுப்புக்கு அசைந்து கொடுக்கும். சோக்கைத் திறந்தால் உறிஞ்சல் குறையும், சவ்வு அசையாது, நீடில் திறக்காது. ஆக இது பெட்ரோல் பற்றாக்குறை. எங்கே பற்றவில்லை என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது.

பிரிக்கும் முன் செய்த சோதனைகள்

கார்புரேட்டரில் கை வைக்கும் முன் அரை மணி நேரம் செலவிட்டு மற்றவற்றை ஒதுக்க வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் சவ்வும் கேஸ்கெட்டும் அடங்கிய கிட்டும் மாற்றி, கார்புரேட்டரும் மாற்றி, கடைசியில் மிஷினையே மாற்றுகிறார்கள்.

கம்ப்ரஷன்: ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து ஆறு முறை கயிறு இழுத்ததில் கேஜ் 130 பி.எஸ்.ஐ. காட்டியது. போதும். 90-க்குக் கீழே காட்டியிருந்தால் கார்புரேட்டர் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு பிஸ்டன் ரிங்கைப் பார்த்திருக்க வேண்டும். கேஜ் இல்லாதவர்கள் கயிற்றுக் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தொங்கவிடலாம். விட்டுவிட்டு, படிப்படியாக இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு இறங்கினால் இல்லை.

பிளக்: இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரை. பொறி நன்றாக வந்தது. பத்து முறை சோக் இல்லாமல் இழுத்துக் கழற்றினால் முனை உலர்ந்தே இருந்தது. பிளக் துளையில் 1 மி.லி. ஆயில் கலந்த பெட்ரோல் விட்டு இழுத்ததும் எஞ்சின் மூன்று நொடி பிடித்து நின்றது. பொறியும் கம்ப்ரஷனும் சரி என்று இதிலேயே உறுதியாகிவிட்டது.

தொட்டி மூச்சு: மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்ததில் மாற்றம் இல்லை. தளர்த்தினால் ஓடி, இறுக்கினால் நின்றால், காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். அது அஞ்சு நிமிட வேலை.

தொட்டிக்குள் இருக்கும் ஃபில்டரை வளைத்த கம்பியால் வெளியே இழுத்தபோது பழுப்பேறிக் கனத்திருந்தது. பெட்ரோல் ட்யூப் விறைத்து, நுனியில் மயிரிழை வெடிப்பு. இரண்டும் மாற்ற வேண்டியவை. ஆனால் புது ட்யூபும் ஃபில்டரும் போட்டு ஓட்டிய பிறகும் புகார் அப்படியே இருந்தது.

இதுவரை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று தோன்றலாம். உண்மையில் சந்தேகம் கார்புரேட்டர் என்ற ஒரே கட்டிக்குள் வந்துவிட்டது. (அப்படித்தான் அப்போது நினைக்கப்பட்டது. பின்னால் இன்னொன்றும் வந்தது.)

பிரித்தபோது

பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான திண்ணையில், வெள்ளைத் துணி விரித்த தட்டில் வேலை நடந்தது. பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போகும். அடுப்பும் பூஜை விளக்கும் எரிகிற வீட்டுக்குள் இந்த வேலை கூடவே கூடாது. கிளீனர் ஸ்பிரே சின்னத் துளையில் புகுந்து எதிர்த் துளை வழியாக நேரே கண்ணில் அடிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஏர் ஃபில்டர், சோக் கம்பி, ஆக்சிலரேட்டர் கம்பி, இரண்டு நட்டு. 8-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றக் கழற்றக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது பின்னால் பெரிய உதவி.

திருகுகளை எடுக்கும் முன் அவற்றின் நிலையைக் குறிக்க வேண்டும். கடிகார முள் திசையில், இறுக்காமல், மெல்ல மூடிக்கொண்டே சுற்றுகளை எண்ணுவது. எச் இரண்டு சுற்று திறந்திருந்தது. குறைந்த வேகத்துக்கான எல் திருகு ஒன்றரை. இந்த வகைக்கு வழக்கமான தொடக்கம் இரண்டுக்குமே ஒன்றிலிருந்து ஒன்றேகால் சுற்றுதான். எச் அவ்வளவு திறந்தும் பெட்ரோல் பற்றவில்லை என்றால் குறை திருகில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது.

பம்ப் பக்கத்து மூடிக்கு ஒரே ஸ்க்ரூ. மீட்டரிங் பக்கத்துக்கு நான்கு. ஸ்க்ரூ டிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்துத் திருப்ப வேண்டும். தலை தேய்ந்துபோனால் அந்த ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரு பகல் போகும்.

மீட்டரிங் டயாஃப்ரம் முதல் பார்வைக்கு நல்லதாகவே இருந்தது. கிழிசல் இல்லை, ஓட்டை இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அதைக் காதருகே வைத்து விரலால் லேசாக அழுத்தியபோது காய்ந்த ஓலை போல மொடமொடத்தது. நல்ல சவ்வு ஈரப் பருத்தித் துணி போலச் சத்தமின்றித் துவளும். நடுவில் உள்ள பொத்தானைத் தன் எடையிலேயே தொங்கவிடும். இது தட்டையாக நின்றது. பெட்ரோலில் ஊறிக்கிடந்து, பெட்ரோல் மெல்ல ஆவியாகி, மிஞ்சிய பிசின் ரப்பரைப் பிடித்துக்கொண்ட நிலை. எந்தக் கிளீனராலும் இது மீளாது. ஸ்பிரேயில் நனைந்து ஒரு நாள் இளகி, மறுநாள் மறுபடி விறைத்தது. பட்டறையில் கழுவிய மிஷின் ஒரு நாள் மட்டும் ஓடியதற்குக் காரணம் இதுதான்.

பம்ப் டயாஃப்ரத்தில் ஒரு நாக்கு மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. பழசானாலும் நாக்கு சுருளும். கம்ப்ரஸர் காற்றை நேரே ஊதினாலும் சுருளும். மூடாத நாக்கு இழுத்த பெட்ரோலைத் திரும்ப விட்டுவிடும். இந்த வகைக் கார்புரேட்டரில் கம்ப்ரஸர் துப்பாக்கியைக் கொண்டுவரவே கூடாது. மீட்டரிங் அறையின் தரையில் பிரதான வழியைக் காக்கும் ஒரு சின்ன ஒருவழி வால்வும் இருக்கிறது. அதற்குள் இருப்பது மெல்லிய தகடு. ஊதினால் அதுவும் போய்விடும்.

பம்ப் பக்கத்து வலைச் சல்லடையில் பழுப்பு வார்னிஷும் நுண்ணிய மணலும். நீடிலின் ரப்பர் முனையில் வட்டமாக ஒரு பள்ளம். அது உட்காரும் இருக்கையைச் சுற்றி வெள்ளைப் பொடி. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். உப்புக் காற்று வீசும் கடலோரத்தில் அந்த ஈரம் அலுமினியத்தை அரித்து இப்படிப் பொடியாக்கும்.

கடைசியாக லீவர். உயரத்தை அளந்தால், கேஸ்கெட் உட்காரும் முகத்திலிருந்து 2.2 மி.மீ. பள்ளத்தில் இருந்தது. இருக்க வேண்டியது சுமார் 1.65. லீவர் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு தாமதமாக நீடில் திறக்கும், அவ்வளவு பற்றாக்குறை. மேலே ஏறினால் நேர்மாறு: பெட்ரோல் வழிந்து, பிளக் நனைந்து, சூட்டில் ஸ்டார்ட் ஆகாது. இந்தச் சீன வகைகளில் புதிதாக வரும்போதே லீவர் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

கழுவுதல், கிட், அளவு

ரப்பர், கேஸ்கெட், நீடில், ஸ்ப்ரிங், திருகுகள் எல்லாவற்றையும் எடுத்த பிறகே கிளீனர். ஒவ்வொரு துளைக்கும் எதிர்த் துளை எது என்று பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டும். எல் திருகின் துளையில் அடித்தால் ஆக்சிலரேட்டர் தகட்டின் ஓரத்தில் உள்ள மூன்று நுண்துளைகளிலும் பீய்ச்ச வேண்டும். இரண்டில் வந்தது, ஒன்றில் வரவில்லை. கட்டியை ஒரு மணி நேரம் கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய தூண்டில் நரம்பை நுழைத்து எடுத்ததும் திறந்துகொண்டது. எஃகுக் கம்பியோ குண்டூசியோ வேண்டாம். துளையின் விட்டம்தான் அதன் அளவு. கீறிப் பெரிதாக்கினால் பிறகு எந்தத் திருகும் அதைச் சரிசெய்யாது.

அந்த நுண்துளைகளுக்கு மேலே வட்டமான ஒரு சின்னத் தகட்டு மூடி அடித்திருக்கும், வெல்ச் பிளக். துளை திறக்காவிட்டால் அதை ஓரத்தில் குத்திப் பெயர்த்து, உள்ளே கழுவி, புதியதைத் தட்டை முனைக் கம்பியால் (பஞ்ச்) மெல்லத் தட்டிப் படியவைத்து, விளிம்பில் நகப்பூச்சு தடவ வேண்டும். நடுவில் குழி விழும்படி அடித்தால் ஒழுகும். இந்தத் துளை ஊறியதிலேயே திறந்துவிட்டதால் தகட்டைத் தொடவில்லை. ஒழுகாத இடத்தைப் பெயர்த்து ஒழுகும் இடமாக்குவதில் பயனில்லை.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுவது போலப் புளியோ எலுமிச்சையோ போட்டு வேகவைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வெள்ளைப் பொடி போகும், உண்மைதான். கூடவே இருக்கையின் விளிம்பும் போகும். கூடாது.

ஒருவழி வால்வைச் சோதிக்கப் பழைய சைக்கிள் வால்வ் ட்யூப் ஒரு துண்டு போதும். மீட்டரிங் அறைப் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும். எஞ்சினுக்குக் காற்று போகும் தொண்டைப் பக்கத்திலிருந்து ஊதினால் அடைபட வேண்டும். இரண்டு பக்கமும் போனால் ஐடிலிங்கில் காற்று பின்வழியாக அறைக்குள் புகுந்து, எல் திருகை என்ன செய்தாலும் எஞ்சின் நிலைக்காது. இதில் சரியாக இருந்தது.

கிட் வாங்கும்போது மிஷினின் பெயரைச் சொல்வதில் பயனில்லை. கார்புரேட்டரின் உடலில் பொறித்த எண்ணைப் பார்க்க வேண்டும். எண் இல்லாத சீன வகைக்குப் பழைய சவ்வையும் கேஸ்கெட்டையும் கையோடு எடுத்துப்போய் புதியதன் மேல் வைத்து, துளைக்குத் துளை பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். டபிள்யூடி வகைக்கு வால்ப்ரோவின் கே10-டபிள்யூஏடி, கே20-டபிள்யூஏடி என்ற கிட்கள் உண்டு. டி10 என்று தொடங்குவது சவ்வும் கேஸ்கெட்டும் மட்டும், நீடில் இருக்காது. நீடிலில் பள்ளம் விழுந்த இந்த மிஷினுக்கு அது போதாது.

புதுக் கார்புரேட்டரே மலிவாகக் கிடைக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. உடல் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால், ஆக்சிலரேட்டர் தகட்டின் அச்சு ஆடினால், புதியது வாங்குவதே சரி. மற்றபடி புதிதாக வரும் நகலிலும் லீவரை அளக்க வேண்டும், ஒழுகலைப் பார்க்க வேண்டும். அந்த வேலையைத் தெரிந்துகொண்டால் பழைய கட்டியே போதும்.

லீவர் அளவுக்கு வருவோம். நீடிலின் கழுத்து லீவரின் கவையில் மாட்ட வேண்டும். ஸ்ப்ரிங் லீவரின் அடியில் உள்ள சின்னப் புடைப்பின் மேல் நேராக உட்கார வேண்டும். பிறகு பின்னையும் அதன் ஸ்க்ரூவையும் போடுவது. கேஸ்கெட் உட்காரும் முகத்தின் குறுக்கே எஃகு ஸ்கேலை வைத்து, அதன் அடிக்கும் லீவர் நுனிக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். வெர்னியர் இல்லாவிட்டால் வால்வ் கேப் பார்க்கும் ஃபீலர் கேஜில் 1.00, 0.65 தகடுகளைச் சேர்த்து நுழைத்தால் 1.65. லேசாக உரசிப் போனால் சரி.

வளைக்கும்போது ஒரு எச்சரிக்கை. லீவரின் நுனியை நேரே அழுத்தி வளைத்தால் மறுமுனை புது நீடிலை அதன் இருக்கையில் நசுக்கிவிடும். லீவரைக் கழற்றி, மூக்கு பிளையரால் இரண்டு இடத்தில் பிடித்து, கொஞ்சம் வளைத்து, மாட்டி, அளந்து, மறுபடி கழற்றி என்றுதான் செய்ய வேண்டும். இதில் நான்கு முறை ஆனது. இந்த ஒரு அளவுக்கு எடுத்துக்கொண்ட நேரம் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஈடாகும், அது தகும்.

அடுக்கும் வரிசை: மீட்டரிங் பக்கம் உடலை ஒட்டி முதலில் கேஸ்கெட், அதன் மேல் டயாஃப்ரம், பிறகு மூடி. பம்ப் பக்கம் இதற்கு நேர்மாறு: உடலை ஒட்டி டயாஃப்ரம், அதன் மேல் கேஸ்கெட், பிறகு மூடி. இதை மாற்றிப் போட்டால் நாக்குகள் சரியாகப் படியாது, அறையின் உயரமும் மாறிவிடும். மீட்டரிங் மூடியின் நடுத் துளையில் மரத்தூள் அடைத்திருந்தால் குத்தி எடுக்க வேண்டும். சவ்வுக்கு வெளிக்காற்று அங்கிருந்துதான் வருகிறது. எங்கும் சிலிக்கான் பசை தடவக் கூடாது. பெட்ரோலில் அது ஊதிப் பெயர்ந்து சல்லடையில் போய் உட்காரும்.

ஒழுகல் சோதனை

இதைச் செய்யாமல் மிஷினில் மாட்டவே கூடாது. தனிக் கருவி தேவையில்லை. பழைய ரத்த அழுத்தமானி ஒன்று, முள் வைத்தது, வீட்டிலோ காயலான் கடையிலோ கிடைக்கும். அதன் கைப்பட்டையைக் கழற்றிவிட்டு, பல்பையும் மீட்டரையும் ஒரு ட்யூபால் கார்புரேட்டரின் பெட்ரோல் குழாயில் மாட்டினால் ஆயிற்று. முள்ளின் கடைசி எல்லை 300 பாதரச மில்லிமீட்டர். அது ஏறக்குறைய 5.8 பி.எஸ்.ஐ. ஒழுகல் பார்க்க அது போதும்.

சோதனைக்கு முன் நீடிலில் ஒரு சொட்டு பெட்ரோல் விட வேண்டும். உலர்ந்த நீடில் நல்லதாயிருந்தாலும் கசியும். மீட்டரிங் மூடியை மட்டும் திறந்து வைத்து, 300 வரை ஏற்றியதில் இருபது நொடியில் முள் 200-க்கு இறங்கியது. கட்டியை ஒரு டம்ளர் பெட்ரோலில் மூழ்கவைத்துப் பார்த்தபோது நீடிலின் அடியிலிருந்து குமிழ் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. புது நீடில்தான், ஆனால் இருக்கையின் விளிம்பில் வெள்ளைப் பொடி விட்டுச்சென்ற சொரசொரப்பு இருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் பித்தளை பாலிஷ் துளி தொட்டு, விரல்களுக்கிடையே உருட்டி முப்பது சுற்று. நன்றாகக் கழுவி மறுபடி 300. ஒரு நிமிடம் அசையவில்லை.

அடுத்தது நீடில் எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பது. இதற்கு கேஜ் வைத்த சைக்கிள் பம்ப். மெதுவாக ஏற்றியதில் 18 பி.எஸ்.ஐ.-யில் 'டப்' என்று திறந்து, 10-க்கு இறங்கி நின்றது. இந்த வகைக்கு 10-க்கும் 30-க்கும் இடையே திறந்தால் கவலையில்லை. 10-க்குக் கீழே திறந்தால் ஸ்ப்ரிங் தளர்ந்தது.

மாட்டிய பிறகு வந்த இரண்டாவது குறை

கார்புரேட்டர் உட்காரும் முகத்தில் பெரிய துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். பம்புக்குத் துடிப்பு வரும் வழி அது. இடையில் வரும் கேஸ்கெட்டைத் தலைகீழாகப் போட்டால் அந்தத் துளை மூடிக்கொள்ளும், ஒரு சொட்டு பெட்ரோல் வராது. கிட் மாற்றிய பிறகும் ஓடவில்லை என்று வரும் மிஷின்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

நாலாவது இழுப்பில் எடுத்தது. சோக்கை எடுத்தும் நிற்காமல் ஓடியது. ஆனால் ரேஸ் கொடுத்து விட்டதும் சத்தம் உடனே இறங்கவில்லை; நான்கைந்து நொடி மேலேயே தொங்கி, பிறகே ஐடிலிங்குக்கு வந்தது. இதைக் கேட்டதும் திருகைத் திருப்பும் ஆசை வரும். வரும் ஆசையை அடக்க வேண்டும். சத்தம் தொங்குவது எங்கிருந்தோ மிஷின் காற்று வாங்குகிறது என்பதற்கு அறிகுறி. எல் திருகைத் திறந்து அதை மறைத்தால் ஐடிலிங்கில் ஓடும். முழு வேகத்தில், சூட்டில், காற்றின் அளவு கூடிப்போய் ஒரு சவுக்குக் கட்டையின் நடுவில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகி சீஸ் ஆகும். ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும்.

ஓடும் மிஷினில் சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையே உள்ள கருப்பு இணைப்புக் கட்டையைச் சுற்றி டபிள்யூடி-40 (WD-40) ஸ்பிரேயை ஒரு துளி அடித்தபோது சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தால் அந்தக் கட்டையைச் சிலிண்டரோடு பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூக்களும் அதிர்வில் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தன. சீன வகை 52, 58 சிசி மிஷின்களில் இது அடிக்கடி வரும் குறை. ஸ்க்ரூ மரையைத் துடைத்து, மரை தளராமல் பிடிக்கும் நீல நிறத் த்ரெட் லாக்கர் ஒரு துளி விட்டு, இரண்டையும் மாறிமாறி இறுக்கியதும் சத்தம் ஒழுங்காக இறங்கியது.

ஆக விறைத்த சவ்வும் தளர்ந்த ஸ்க்ரூவும் ஒரே புகாரைத் தந்துகொண்டிருந்தன. ஒன்றைச் சரிசெய்த பிறகே மற்றது கண்ணுக்குத் தெரிந்தது.

திருகு வைப்பதும் ஈ20 பெட்ரோலும்

இப்போது பங்க்கில் வரும் பெட்ரோல் 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. வீட்டிலேயே பார்க்கலாம்: அளவு குறித்த கண்ணாடிக் குழாயில் 80 மி.லி. பெட்ரோல், 20 மி.லி. தண்ணீர் விட்டுக் குலுக்கி நிறுத்தினால் எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்து அடி அடுக்கு 35 மி.லி. அளவுக்கு உயரும். (அப்படிப் பிரித்த பெட்ரோலை மிஷினுக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக்டேன் குறையும், தண்ணீர்ச் சுவடும் நிற்கும். சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.)

எத்தனால் இல்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஈ20-க்குச் சுமார் 13.5 போதும். அதே திருகு, அதே துளை என்றால் கலவையில் பெட்ரோல் ஏழெட்டு விழுக்காடு குறைந்தது போல எஞ்சின் நடந்துகொள்ளும். பழைய பெட்ரோலுக்கு வைத்த எச் திருகு இப்போது கொஞ்சம் பற்றாது. அதற்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) சுற்று கூடுதல் தேவைப்படுவதற்குக் காரணம் இது.

திருகுகளை ஒன்றேகாலில் வைத்து, பாரும் செயினும் மாட்டி, மூன்று நான்கு நிமிடம் கட்டை அறுத்துச் சூடாக்கிய பிறகே சரிசெய்வது. முதலில் எல்: உள்ளே திருப்பினால் சத்தம் ஏறி ஒரு இடத்தில் விழும், வெளியே திருப்பினாலும் ஏறி விழும். இரண்டுக்கும் இடைப்பட்ட உச்சத்திலிருந்து கொஞ்சம் வெளியே நிறுத்த வேண்டும். ரேஸ் கொடுத்தால் தயங்காமல் எடுக்க வேண்டும். அடுத்து ஐடிலிங் திருகு: செயின் நகராத இடம், நிமிடத்துக்கு 3,000 சுற்றை ஒட்டி. கடைசியாக எச். கட்டை இல்லாமல் முழு ரேஸ் கொடுத்தால் சத்தம் கூர்மையாகச் சீறக் கூடாது, இடையிடையே 'கரகர' என்று சற்று உடைய வேண்டும். கட்டையில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு மறைந்து தெளிய வேண்டும். முழு ரேஸை மூன்று நான்கு நொடிக்கு மேல் வெறுமனே பிடிக்கக் கூடாது.

எல் ஒன்றேகாலிலேயே நின்றது. எச் ஒன்றேகாலுக்கு மேல் அரைக்கால். முன்பு இரண்டு சுற்றுத் திறந்தும் பற்றாத மிஷின் அது.

ஆயில் கலவை கையேடு சொல்வதுதான். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி., 50-க்கு 1 என்றால் 20 மி.லி. மூடியால் கண்மதிப்பாக ஊற்றாமல் ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து ஊற்ற வேண்டும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காமல், கேனை நிரம்ப வைத்து இறுக மூட வேண்டும். ஈரம் மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரியும். அந்த அடுக்கில் ஆயில் இருக்காது. தொட்டி ஃபில்டர் கிடப்பதும் அடியில்தான். சந்தேகம் வந்தால் கலவையைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் கலங்கல் கோடு தெரியும். அந்தக் கேனை மிஷினுக்கு ஊற்றக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் மிஷினுக்கு வேலையில்லை என்றால் தொட்டியைக் கவிழ்த்துக் காலி செய்து, ஐடிலிங்கில் தானாக நிற்கும் வரை ஓட்டி, பிறகு சோக் போட்டு இழுத்து மறுபடி நிற்கும் வரை ஓட்ட வேண்டும். அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் மீட்டரிங் அறையில் தங்கியது வற்றும். முதல் ஓட்டத்தோடு விடுகிறவர்களின் சவ்வில்தான் பிசின் படிகிறது.

மூன்று தொட்டி பெட்ரோல் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றியதில் முனை வறுத்த வேர்க்கடலைத் தோலின் நிறத்தில் இருந்தது. இணைப்புக் கட்டையின் ஸ்க்ரூக்கள் அசையவில்லை. மீட்டரிங் மூடியின் நான்கு ஸ்க்ரூக்களில் ஒன்று மட்டும் கால் சுற்று வாங்கியது. புதுக் கேஸ்கெட் சூட்டில் படிந்து மெலிவதால் முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அவற்றை ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.